200 மீட்டர் தாங்கும் வாட்ச்: பட்டனை மட்டும் நீருக்குள் ஏன் அழுத்தக் கூடாது?

டயலில் '200 மீட்டர்' என்று பொறித்திருக்கிறது. கூட வரும் கையேட்டைப் புரட்டினால், 'நீருக்குள் இருக்கும்போதும் ஈரமாக இருக்கும்போதும் பட்டன்களை அழுத்த வேண்டாம்' என்கிறது. 200 மீட்டர் ஆழத்தைத் தாங்குகிற வாட்ச், வாளித் தண்ணீரில் ஒரு பட்டனை அழுத்தினால் கெட்டுப்போகுமா? அப்படியானால் அந்த எண் பொய்யா, கையேடு வெறும் பயமுறுத்தலா?

எண், கையேடு இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டும் ஒரே நிலையைப் பற்றிப் பேசவில்லை. டயலில் உள்ள எண், பட்டன்கள் அசையாமல் இருக்கும் வாட்ச்சுக்குக் கொடுத்தது. கையேடு சொல்வது அசையும் பட்டனைப் பற்றி. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய, முதலில் பட்டனைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

பட்டனுக்குள் என்ன இருக்கிறது

வாட்ச்சின் பக்கவாட்டில், கேஸின், அதாவது உலோக உடலின், சுவரில் ஒரு துளை. பல வாட்ச்சுகளில் அந்தத் துளைக்குள் ஒரு குட்டிக் குழாயை இறுக்கியிருப்பார்கள். குழாய்க்குள் பென்சில் முனை பருமனில் ஒரு உலோகத் தண்டு. வெளியே விரல் படும் தலை. தலைக்கும் கேஸுக்கும் நடுவில் ஒரு ஸ்பிரிங். தண்டின் உள்முனையில் நகத்துணுக்கு அளவில் ஒரு கிளிப், தண்டு வெளியே கழன்று விழாமல் பிடித்துக்கொள்ளும். அழுத்தினால் தண்டு சுமார் ஒரு மில்லிமீட்டர் உள்ளே போய், டிஜிட்டல் வாட்ச்சில் ஒரு தகட்டைத் தொடும். ஸ்டாப்வாட்ச் உள்ள மெக்கானிக்கல் வாட்ச்சில், அதாவது குரோனோகிராஃபில், ஒரு நெம்புகோலைத் தள்ளும்.

ஆக, தண்டு நகர வேண்டுமானால் துளை தண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தே ஆக வேண்டும். அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் வராமல் தடுப்பது தண்டைச் சுற்றி ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் ரப்பர் வளையம். 'ஓ-ரிங்' என்பார்கள். பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். சிலவற்றில் சிலிகோன் அல்லது ஃபுளோரின் கலந்த ரப்பர். நல்ல வாட்ச்சுகளில் ஒரு பட்டனுக்கு இரண்டு வளையம்கூட இருக்கும்.

இந்த வளையம் வேலை செய்யும் விதம் அழகானது. பள்ளத்தின் ஆழத்தைவிட வளையம் கொஞ்சம் தடிமன். அதனால் பொருத்தும்போதே நசுங்கி, தண்டையும் சுவரையும் அழுத்திக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து தண்ணீர் தள்ளும்போது வளையம் பள்ளத்தின் உட்பக்கச் சுவரில் போய் ஒட்டி இன்னும் நசுங்கும். நசுங்க நசுங்க அதன் பிடி கூடும். தண்ணீர் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவுக்கு வளையமும் இறுகும் என்பதால், அசையாத ஓ-ரிங்குக்கு ஆழம் ஒரு பெரிய எதிரி இல்லை. சொல்லப்போனால் அழுத்தம் குறைவான இடத்தில்தான் சில வளையங்கள் கசியும், இறுக்கிப் பிடிக்க வெளியிலிருந்து உதவி கிடைக்காததால்.

டயலில் உள்ள எண் எப்படி வந்தது

இங்கே இரண்டு சர்வதேசத் தரநிலைகள் உண்டு. சாதாரண 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' வாட்ச்சுகளுக்கு ஐஎஸ்ஓ 22810. நீர்மூழ்கிகளுக்கான, அதாவது ஆழத்தில் இறங்கும் டைவர்களுக்கான, வாட்ச்சுகளுக்கு ஐஎஸ்ஓ 6425. இதற்குக் குறைந்தபட்சம் 100 மீட்டர் தேவை. முதலாவதில் சில மாதிரிகளை எடுத்துச் சோதித்தால் போதும். இரண்டாவதில் விற்பனைக்கு வரும் ஒவ்வொரு வாட்ச்சும் நீர் அழுத்தச் சோதனையைத் தாண்ட வேண்டும்.

'பார்' என்ற அலகு அடிக்கடி வரும். ஒரு பார் என்பது ஏறத்தாழ 10 மீட்டர் நீரின் அழுத்தம்; 200 மீட்டர் என்றால் 20 பார். ஐஎஸ்ஓ 6425 சோதனைகளில் நமக்கு வேண்டியவை இவை:

1. குறிப்பிட்ட ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் 2 மணி நேரம். 200 மீட்டர் வாட்ச் என்றால் 25 பார். அதன் பிறகு வெறும் 0.3 பாரில் 1 மணி நேரம். குறைந்த அழுத்தத்தில் எதற்கு என்று தோன்றும். காரணம் மேலே சொன்னதுதான்.

2. அதே 125 சதவீத அழுத்தத்தில், கிரவுன் (நேரம் திருத்தத் திருகும் குமிழ்) மீதும் பட்டன்கள் மீதும் பக்கவாட்டில் 5 நியூட்டன் விசை, 10 நிமிடம். சுமார் அரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டதுபோல.

3. 30 சென்டிமீட்டர் நீரில், 40 டிகிரி, 5 டிகிரி, மறுபடி 40 டிகிரி என்று பத்துப் பத்து நிமிடம் மாற்றி மாற்றி வைப்பது.

4. கடைசியில் வாட்ச்சை 40 முதல் 45 டிகிரி வரை சூடாக்கி, கண்ணாடி மேல் ஒரு துளி குளிர்ந்த நீரை விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்ப்பது. உள்பக்கம் பனித்திருந்தால் தோல்வி.

இரண்டாவது சோதனையை இன்னொரு முறை படியுங்கள். விசை பக்கவாட்டில்தான் கொடுக்கிறார்கள். பட்டன் எங்கேயாவது இடிபட்டால் தாங்குமா என்பதுதான் அங்கே கேள்வி. 25 பாரில் பட்டனை நூறு முறை உள்ளே அழுத்தி எடுத்தால் தாங்குமா என்பது அல்ல. என்னைக் கேட்டால், டயலில் எண்ணுக்குப் பக்கத்தில் 'பட்டனை அழுத்தாமல்' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

நடுவில் ஒரு தவறான விளக்கம்

'30 மீட்டர் என்று போட்டிருந்தாலும் அதைக் கட்டிக்கொண்டு நீந்தக் கூடாது. கையை வீசும்போது அழுத்தம் பல மடங்கு கூடிவிடும்' என்று பரவலாகச் சொல்கிறார்கள். அறிவுரை சரி. காரணம் தவறு.

நகரும் பொருளின் மீது நீர் கொடுக்கும் கூடுதல் அழுத்தத்தைக் கணக்குப் போடலாம்: நீரின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் கை வீசினால் கிடைப்பது 2,000 பாஸ்கல், அதாவது 20 சென்டிமீட்டர் நீருக்குச் சமம். அவ்வளவுதான். 10 மீட்டர் உயர மேடையிலிருந்து குதித்தால் நீரைத் தொடும்போது வேகம் விநாடிக்கு சுமார் 14 மீட்டர். அப்போதுதான் கூடுதல் அழுத்தம் ஒரு பாரை எட்டுகிறது. நீர்ப்பரப்பில் அறையும் கணத்தில் இன்னும் கூடலாம். ஆனாலும் நீச்சலில் கை வீசி யாரும் 30 மீட்டர் அழுத்தத்தை உண்டாக்கிவிட முடியாது.

அப்படியிருந்தும் 30 மீட்டர் வாட்ச்சுகள் நீச்சல் குளத்தில் சாகின்றன. ரப்பர் பழசாகியிருக்கும், கிரவுன் சரியாக மூடாமல் இருந்திருக்கும், அல்லது யாரோ நீருக்குள் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டிருப்பார்கள். நீந்துகிறவர் கை தானாகப் போவது ஸ்டாப்வாட்ச் பட்டனுக்குத்தானே.

அழுத்தும்போது என்ன நடக்கிறது

1. தண்டின் வெளிப்பகுதி ஏற்கெனவே நனைந்திருக்கிறது. அழுத்தும்போது நனைந்த அந்தப் பகுதி வளையத்தைத் தாண்டி உள்ளே போகிறது. வளையம் வழித்துவிடத்தான் பார்க்கும். ஆனால் தண்டில் ஒட்டியிருக்கும் மெல்லிய நீர்ப்படலம் முழுவதையும் வழிக்க முடியாது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு துளியின் துளி உள்ளே போகும்.

2. அசையாத வளையம் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தோம். தண்டு நகரும்போது வளையமும் சேர்ந்து இழுபடும். சில சமயம் உருளும், முறுக்கிக்கொள்ளும். கிரீஸ் காய்ந்துபோயிருந்தால் இது அதிகம் நடக்கும். முறுக்கிக்கொண்ட வளையத்தில் ஒரு இடம் தூக்கியிருக்கும். தண்ணீருக்கு அது போதும்.

3. கடல் நீரில் மணல் உண்டு. காய்ந்தபின் உப்புப் படிகங்களும் உண்டு. பட்டன் தலைக்கு அடியில் உள்ள சந்து இவை தங்குவதற்கென்றே செய்ததுபோல இருக்கும். அழுத்தும்போது அந்தத் துகள் தண்டோடு சேர்ந்து வளையத்தை உரசும். கிழிசல் கண்ணுக்குத் தெரியாது, கசிவு தெரியும்.

4. ஆழத்தில் வளையம் கடுமையாக நசுங்கியிருக்கிறது. உராய்வும் அதற்கேற்பக் கூடியிருக்கிறது. மேலே சொன்ன மூன்றும் அங்கே இன்னும் மோசமாக நடக்கும்.

கிரவுனைச் சுழற்றுவதற்கும் பட்டனை அழுத்துவதற்கும் உள்ள வேறுபாடு இங்கே புரியும். சுழலும் தண்டு இருந்த இடத்திலேயே சுழல்கிறது. நனைந்த பகுதி உள்ளே வருவதில்லை. முன்னும் பின்னும் போகும் தண்டுதான் நீரைச் சுமந்து வருகிறது.

ஸ்பிரிங்கும் ஆழமும்: ஒரு சின்னக் கணக்கு

கசிவைத் தாண்டி இன்னொரு சிக்கல் இருக்கிறது. பட்டனை அழுத்துவது உங்கள் விரல் மட்டும் இல்லை, தண்ணீரும்தான்.

வாட்ச்சுக்குள் இருப்பது தரையில் மூடியபோது அடைபட்ட காற்று. வெளியே ஆழத்தின் அழுத்தம். இந்த வித்தியாசம் தண்டை உள்ளே தள்ளுகிறது. எவ்வளவு தள்ளும் என்பது வளையம் பிடித்திருக்கும் இடத்தில் தண்டின் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டை எடுத்துக்கொள்வோம். பரப்பு 3.14 சதுர மில்லிமீட்டர். 30 மீட்டர் ஆழத்தில் அதன்மீது விழும் விசை 0.9 நியூட்டன் சொச்சம், நூறு கிராம் எடைக்குக் கொஞ்சம் குறைவு. 200 மீட்டரில் 6.3 நியூட்டன், சுமார் 640 கிராம். தண்டு இன்னும் பருமனாக, 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதே 200 மீட்டரில் 25 நியூட்டன். இரண்டரைக் கிலோ எடையைப் பட்டன் மேல் வைத்ததுபோல.

பட்டனைத் திருப்பித் தள்ள வேண்டியது அந்தக் குட்டி ஸ்பிரிங். அதன் வலு தண்ணீரின் தள்ளலைவிடக் குறைவாக இருந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். விரல் படாமலேயே ஓர் ஆழத்தில் பட்டன் தானாக உள்ளே போய்விடும். ஓடிக்கொண்டிருந்த ஸ்டாப்வாட்ச் நின்றுவிடும். அல்லது அழுத்திய பட்டன், நீங்கள் நீரின் மேற்பரப்புக்கு வரும்வரை உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சரி, ஸ்பிரிங்கை வலுவாகப் போட்டுவிட்டால்? தரையில் அழுத்தவே கட்டைவிரல் வலிக்கும். தண்டை மெல்லியதாக்கினால் தண்ணீரின் தள்ளல் குறையும், ஆனால் இடிபட்டால் வளைந்துவிடும். பட்டன் வடிவமைப்பவரின் தலைவலி இந்த மூன்றுக்கும் நடுவில்தான்.

ஒரு துளி போதுமா?

போதும். வாட்ச்சுக்குள் 2 மில்லிலிட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். அந்தக் கணக்கில் 2 மில்லிலிட்டர் காற்று தாங்குவது 0.06 மில்லிகிராம். குண்டூசித் தலையளவு நீர், அதாவது ஒரு கன மில்லிமீட்டர், ஒரு மில்லிகிராம் எடை. உள்ளே இருக்கும் காற்றால் கொள்ள முடிவதைப்போல அது பதினாறு மடங்கு. குளிர்ந்த நீரில் கண்ணாடி குளிரும்போது மிச்ச ஈரம் கண்ணாடியின் உள்பக்கம் பனியாகப் படியும்.

கண்ணாடி பனிப்பது தொல்லை என்றால், உண்மையான சேதம் அதன் பிறகுதான். மெக்கானிக்கல் வாட்ச்சில் எஃகு உதிரிகள் துருப்பிடிக்கும். எலெக்ட்ரானிக் வாட்ச்சில் பேட்டரித் தொடர்புகள் பச்சை பூக்கும். உப்பு நீர் என்றால் இரண்டுமே வேகமாக.

துளையைக் காக்கும் வழிகளும் துளையே இல்லாத வழிகளும்

*திருகி மூடுவது.* பட்டனைச் சுற்றி மரையுள்ள ஒரு வளையம். அதைத் திருகினால் பட்டன் அசையாமல் பூட்டிக்கொள்ளும். ரோலெக்ஸ் தன் டேடோனா குரோனோகிராஃபில் 1965-இல் இதைக் கொண்டுவந்தது. அது நீர்மூழ்கிகளுக்கான வாட்ச்சே அல்ல, கார் பந்தயத்துக்கானது என்பது ஒரு வேடிக்கை. பூட்டு நல்ல காவல், ஐயமில்லை. ஆனால் நீருக்குள் பட்டனைப் பயன்படுத்த அது உதவாது, பயன்படுத்த விடாமல் தடுக்கத்தான் உதவும். நீருக்குள் இருக்கும்போது பூட்டைத் திறந்து அழுத்துகிறவர் பூட்டு இல்லாத வாட்ச்சைத்தான் கட்டியிருக்கிறார்.

*தண்டையும் வளையத்தையும் செம்மையாகச் செய்வது.* துளையின் உட்பரப்பைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, ஸ்பிரிங்கை அளந்து போட்டு, வளையங்களைக் கூட்டினால், ஆழத்திலும் அழுத்தக்கூடிய பட்டன் செய்ய முடியும். ஒமேகா தன் சீமாஸ்டர் 300 மீட்டர் குரோனோகிராஃபின் பட்டன்களை நீருக்குள்ளும் இயக்கலாம் என்று சொல்கிறது. ஜெர்மனியின் ஸின் நிறுவனம் தனிக் குழாயே இல்லாமல் தண்டை நேராகக் கேஸுக்குள் உட்கார வைக்கிறது. குழாய்க்கும் கேஸுக்கும் நடுவில் இருந்த இன்னொரு கசிவு வழி அதனால் ஒழிகிறது. இந்த வழியின் பலவீனம் ஒன்றுதான்: ரப்பருக்கு வயதாகும். புதிதாக இருந்தபோது கொடுத்த உறுதி எட்டு வருடம் கழித்தும் அப்படியே இருக்காது.

*காந்தம்.* துளையே போடாமல் விட்டுவிட்டால்? பட்டனில் ஒரு காந்தம், கேஸின் முழுச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் காந்தத்தை உணரும் சுவிட்ச். பட்டன் குழிக்குள் தண்ணீர் தாராளமாகப் போய் வரலாம். அதனால் ஒன்றும் ஆகாது. சுவர் மட்டும் காந்தத்தை மறைக்காத உலோகமாக இருக்க வேண்டும். டைட்டானியம் சரியாக வரும். பிரைட்லிங்கின் அவெஞ்சர் சீவுல்ஃப் குரோனோ இந்த முறையில்தான் 1,000 மீட்டர் வரை பட்டன் இயங்கும் வாட்ச்சாக வந்தது. கவனியுங்கள், அது பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மின் சுவிட்ச்சைத் தட்ட காந்தம் போதும். மெக்கானிக்கல் குரோனோகிராஃபின் நெம்புகோலைத் தள்ள அந்தப் பலம் போதாது.

*பீசோ பட்டன்.* பீசோ என்பது அழுத்தினால் மின்னழுத்தம் தரும் படிகம். உலோகச் சுவருக்குப் பின்னால் அதை ஒட்டி வைத்தால், விரலால் அழுத்தும்போது சுவர் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து ஒரு மின் துடிப்பு கிடைக்கும். கீழே இறங்க இறங்க நீரும் அந்தச் சுவரை அழுத்தத்தானே செய்கிறது என்று கேட்கலாம். செய்கிறது, ஆனால் மெதுவாக. மெதுவாக ஏறும் அழுத்தம் உண்டாக்கும் மின்னூட்டம் அப்போதைக்கப்போதே கரைந்துவிடும். சட்டென்று வரும் விரலின் அழுத்தம் மட்டும் துடிப்பாகத் தெரியும். டைவர்களுக்கு ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் கருவியான ஷியர்வாட்டரின் பெர்டிக்ஸ் டைவ் கம்ப்யூட்டரில் இருப்பது இந்த வகை. குறை ஒன்று உண்டு: அழுத்தினோமா இல்லையா என்று விரலுக்குத் தெரியாது, 'டிக்' என்ற அந்தச் சின்ன நிம்மதி கிடைக்காது. தடித்த கையுறை போட்டிருந்தால் சொல்லவே வேண்டாம்.

*தூண்டல் பட்டன்.* உள்ளே ஒரு கம்பிச்சுருள். வெளியே உலோகத் துண்டு அதை நெருங்கும்போது சுருளின் மின்பண்பு மாறும். அதைக் கருவி உணரும். கார்மின் 2023-இல் வெளியிட்ட டிசென்ட் எம்கே3 டைவ் வாட்ச் இதைத்தான் பயன்படுத்துகிறது. உள்ளே போகும் தண்டு இல்லை, ஆகவே கசிய வழியும் இல்லை.

உள்ளே காற்றுக்குப் பதிலாக எண்ணெய் நிரப்பிவிடும் ஒரு வழியும் இருக்கிறது. எண்ணெய் நசுங்காது என்பதால் உள்ளும் வெளியும் அழுத்தம் சமமாகிவிடும். பட்டனைத் தள்ளும் வித்தியாசமே இருக்காது. குவார்ட்ஸ் வாட்ச்சுக்கு மட்டும் சரிப்படும். மெக்கானிக்கல் வாட்ச்சில் இப்படியும் அப்படியும் ஆடி நேரம் அளக்கும் சமநிலைச் சக்கரம் எண்ணெய்க்குள் ஆடாது.

தொடுதிரை இவற்றில் சேராது. ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா 100 மீட்டர் நீர்த்தாங்கும் தரத்தோடு, 40 மீட்டர் வரை ஸ்கூபா டைவிங்குக்கு என்று 2022-இல் வந்தது. ஆனால் நீருக்குள் திரை விரலையும் தண்ணீரையும் பிரித்தறியாது. அங்கேயும் கடைசியில் கிரவுனையும் பக்கவாட்டுப் பட்டனையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

கையில் இருக்கும் வாட்ச்சுக்கு

கையேட்டில் ஒரு வரியைத் தேடுங்கள்: பட்டன்களை நீருக்குள் இயக்கலாம் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறதா? இருந்தால் அழுத்தலாம். ஒன்றுமே சொல்லவில்லை என்றால் கூடாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள், டயலில் எத்தனை மீட்டர் போட்டிருந்தாலும். ஸ்டாப்வாட்ச் வேண்டுமென்றால் இறங்குவதற்கு முன்பே ஓடவிட்டுக்கொள்ளலாம். நீர்மூழ்கிகளின் வாட்ச்சில் வெளியே சுழலும் வளையம் இருப்பதே, எந்தப் பட்டனையும் தொடாமல் நேரம் குறிக்கத்தான்.

கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊற வையுங்கள். பட்டனுக்கு அடியில் தங்கிய உப்பு கரைய வேண்டும். அப்போதும் அழுத்தி அழுத்திக் கழுவ வேண்டாம். அப்படிக் கழுவுவது நீருக்குள் அழுத்தவே செய்த பட்டன்களுக்கு மட்டும் பொருந்தும். சுடுநீரும் சோப்பும் வேண்டாம். சூட்டில் ரப்பரும் உலோகமும் வெவ்வேறு அளவில் விரியும். சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, சாதாரணமாகத் தண்ணீர் நுழையாத சந்தில்கூட நுழைய வைக்கும்.

பேட்டரி மாற்றும்போது பின்மூடியின் வளையத்தை மாற்றுவார்கள். பட்டன் வளையங்களை, கேட்டாலொழிய, பெரும்பாலும் தொட மாட்டார்கள். தண்டின் உள்முனைக் கிளிப்பைக் கழற்றினால்தான் அதை எட்ட முடியும், வேலை அதிகம். பிறகு அழுத்தச் சோதனை செய்து தேறியது என்று கொடுத்தாலும், அதுவும் பட்டன்கள் சும்மா இருக்கும்போது செய்த சோதனைதான். எனவே 'பட்டன் ரிங்கும் மாற்றினீர்களா?' என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

தவறிப்போய் நீருக்குள் அழுத்திவிட்டீர்கள் என்றால், ஐஎஸ்ஓ சோதனையின் கடைசிப் படியை வீட்டிலேயே ஏறத்தாழ செய்து பார்க்கலாம். வாட்ச்சைத் துடைத்து, உடம்புச் சூட்டில் நன்றாக வெதுவெதுப்பாகும்வரை கட்டியிருங்கள். அப்புறம் கண்ணாடி மேல் ஒரு துளி குளிர்ந்த நீர். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். துளி இருந்த இடத்துக்கு நேர் கீழே, கண்ணாடியின் உள்பக்கம் வட்டமாகப் பனி தெரிந்தால் ஈரம் உள்ளே போயிருக்கிறது. வெயிலில் காயவைத்தால் பனி மறைந்துவிடும், ஈரம் உள்ளேயேதான் இருக்கும். போனது கடல் நீர் என்றால் அன்றைக்கே திறந்து சுத்தம் செய்யக் கொடுத்துவிடுங்கள்.